நாய்க்குத் தனிச் சட்டி

மாணவர் வாடகை வீட்டுச் சமையல் என்றால் பலருக்கும் மெகி மீதான் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் அது மாதக் கடைசிக்கு மட்டும். மற்ற நாள்களில் நான்கு பேருக்கு ஒரு குழம்பு, ஒரு காய், ஒரு ரைஸ் குக்கர் சோறு. இவற்றோடு ஒரு சின்ன அலுமினியச் சட்டியும் தினமும் அடுப்பில் ஏறும். அதில் வேகும் கோழிக்கும் பூசணிக்காய்க்கும் உப்பு கிடையாது, மிளகாய் கிடையாது, முக்கியமாக வெங்காயம் கிடையாது. அந்தச் சட்டி எங்கள் நாய்க்கு. செல்லப் பிராணி வளர்க்கும் தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் அப்படி ஒரு சட்டி இருக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றுகிறது என்பதைச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது கம்பாரில். ஈயச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர். 2007-இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் பேராக் வளாகம் இங்கே வந்த பிறகு, பழைய ஈயக் குட்டைகளுக்குப் பக்கத்தில் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. இன்று வளாகத்தைச் சுற்றி எந்த லோரோங்கில் நுழைந்தாலும் வாசலில் நான்கைந்து மோட்டார்களும் பத்து ஜோடிக் காலணிகளும் கிடக்கும். மாணவர் வீடு என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். நான் ஈப்போ புந்தோங். ஒருத்தி தெலுக் இந்தான், இன்னொருத்தி சுங்கை சிப்புட். நான்காமவள் பீடோரைச் சேர்ந்த சீனத் தோழி. சமையல் முறை வைத்துத்தான் நடக்கும். பீடோர் தோழியின் முறை என்றால் சோயா சாஸில் வேகவைத்த கோழி. புந்தோங்கிலிருந்து நான் கொண்டுபோகும் தவுகேவை அவள் வெந்நீரில் அரை நிமிடம் காட்டி எடுத்தால் அதற்கு மட்டும் சண்டை நடக்கும். புந்தோங் தவுகே அவ்வளவு தடியாகவும் மொறுமொறுப்பாகவும் இருப்பதற்குச் சுண்ணாம்பு மலைத் தண்ணீர்தான் காரணம் என்று எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். தெலுக் இந்தான் தோழி வெள்ளிக்கிழமை சைவம். அவள் வைக்கும் ரசத்தை இப்போது சீனத் தோழி தனியாகவே வைக்கக் கற்றுக்கொண்டாள். புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கும், குறை சொன்னால் கோபம் வரும்.

இந்த வீட்டுக்கு மைலோ வந்தது ஒரு மழைநாளில், பின்பக்கக் கால்வாய் வழியாக. கையளவு குட்டி, மைலோ டின்னின் உள்ளே இருக்கும் தூளின் நிறம். பீடோர் தோழி துண்டால் துடைத்தாள், சுங்கை சிப்புட் தோழி பெட்டி கண்டுபிடித்தாள். ஒரு இரவு மட்டும் என்று பேச்சு. இப்போது அது 11 கிலோ.

குட்டிக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. பார்வோ வைரஸ் ஒரு வாரத்தில் குட்டியைக் கொண்டுபோய்விடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு பதினாறு வாரம் ஆகும்வரை சில வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள். காசு சேர்த்துப் போட்டோம். சாப்பாட்டைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை. நாய் என்றால் மிச்சம் மீதி தின்னும், அவ்வளவுதானே என்பதுதான் வீட்டில் எல்லாருடைய எண்ணமும்.

கடந்த ஆண்டு படிப்பு விடுமுறை வாரத்தில் நான் புந்தோங்கில் இருந்தேன். கம்பார் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். திங்கள்கிழமை நாசி லெமாக். சம்பால் நிறைய மிஞ்சியது. புதன்கிழமை ஆட்டுப் பிரட்டல், அடிச்சட்டியில் மசாலா. சனிக்கிழமை எல்லாரும் ஊருக்குள் போய்க் கம்பாரின் புகழ்பெற்ற கறிக்கோழி ரொட்டியைச் சாப்பிட்டார்கள். தெரியாதவர்களுக்காக: தலையணை மாதிரி ஒரு பெரிய ரொட்டி, வெட்டிப் பிரித்தால் உள்ளே பொட்டலமாகக் கோழிக் கறி, ஆவி பறக்கும். நான்கு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். அப்படியும் குழம்பு மிஞ்சும். அதைத் தாப்பாவ் செய்து கொண்டுவந்தார்கள். மைலோவுக்குத் தீபாவளி.

திங்கள்கிழமை நான் திரும்பியபோது அது வாசலுக்கு வரவில்லை. படுத்தபடியே வாலை மட்டும் ஒருமுறை தட்டியது. சிறுநீர் கோப்பி-ஓ நிறத்தில் இருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளையாக இருந்தது. கடன் வாங்கிய காடியில் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவுக்குக் கொண்டுபோனோம்.

மருத்துவர் முதலில் கேட்டது உண்ணியைப் பற்றி. நம் நாட்டு வெப்பத்தில் உண்ணி கடித்து வரும் காய்ச்சலிலும் ஈறு வெளுக்கும், சிறுநீர் கறுக்கும். ஒரு சொட்டு இரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். பிறகு அடுத்த கேள்வி: “இந்த வாரம் என்ன சாப்பிட்டது?” தோழிகள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் தலையசைத்துக்கொண்டே எழுதினார். சிவப்பணுக்களின் ஓரத்தில் சின்னச் சின்னப் புடைப்புகள் இருந்தன. ஹைன்ஸ் உருண்டைகள் என்று அவற்றுக்குப் பெயர். வெங்காயம் தின்ற நாயின் இரத்தத்தில் காணப்படும் அடையாளம்.

வெங்காயத்தை வெட்டினால் நம் கண்ணில் நீர் வரவைப்பது அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள். அதே குடும்பத்துச் சேர்மங்கள் நாயின் உடலில் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. நம் சிவப்பணுக்கள் தாங்கும். நாய், பூனையினுடையவை தாங்குவதில்லை. பூண்டு, சின்ன வெங்காயம், வெங்காயத்தாள் எல்லாம் ஒரே குடும்பம். வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் நஞ்சு போவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனால் நாயின் இரத்தத்தில் பாதிப்பு தெரிய ஆரம்பிக்கும் என்று கால்நடை மருத்துவ நூல்கள் சொல்கின்றன. மைலோவின் எடைக்குக் கணக்குப் போட்டால் 165 கிராம், அதாவது ஒன்றரை இரண்டு பெரிய வெங்காயம். நாசி லெமாக் சம்பால் வைத்தவர்களுக்குத் தெரியும், அதில் எத்தனை வெங்காயம் கரைந்து போகிறதென்று. ஒரே நாளில் தின்ன வேண்டும் என்றும் இல்லை. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேர்ந்துகொள்ளும். பூனைக்குக் கிலோவுக்கு 5 கிராமே போதும்.

இதில் ஏமாற்றும் விஷயம், தின்றவுடன் ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் நாய் சோர்ந்து படுக்கும். அதற்குள் என்ன போட்டோம் என்பதே மறந்துவிடும். மாற்று மருந்து என்று எதுவும் கிடையாது. தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் வாந்தி எடுக்கவைக்கலாம். தாமதமானால் நீர் ஏற்றி, உடல் புதிய சிவப்பணுக்களை உண்டாக்கும்வரை காத்திருக்க வேண்டும். மிக மோசமானால் வேறொரு நாயின் இரத்தம் ஏற்ற வேண்டிவரும். மைலோவுக்கு அந்த நிலை வரவில்லை. வரலாம் என்று இரண்டு நாள் மருந்தகத்திலேயே வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. கட்டணம் எங்கள் நால்வரின் மூன்று வார மளிகைச் செலவைத் தின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தபின் நம் சமையலறையை ஒரு நாயின் கண்ணால் பார்க்க முயன்றேன். பயமாகத்தான் இருந்தது. வெங்காயம், பூண்டு இல்லாமல் நாம் வைக்கும் அசைவக் குழம்பு எது? சாம்பாரில் சின்ன வெங்காயம். சரி, ரசம்? அதில் புளி. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்ததுதான்; ஏன் கெடுக்கிறது என்பது மட்டும் புதிராக இருந்தது. 2021-இல் அமெரிக்க விலங்கு நச்சு மருத்துவர்கள் அதிலுள்ள டார்டாரிக் அமிலத்தின் மீது சந்தேகத்தை வைத்தார்கள். அந்த அமிலம் மிகுந்த இன்னொரு பொருள் நம் புளி. புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களைப் பற்றியும் பிறகு எழுதியிருக்கிறார்கள். ஆக, புளிக்குழம்புச் சோறும் வேண்டாம். பாயசத்தில் கிடக்கும் திராட்சையும் வேண்டாம். வெந்த கோழி எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். கோக்கோ, சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் போடும் சைலிட்டால் இரண்டும் ஆபத்து. எங்கள் நாயின் பெயர் மைலோவாக இருக்கலாம், மைலோ குடிக்கக் கூடாது.

“நாங்கள் எல்லாம் தோட்டத்தில் மிச்சத்தைப் போட்டுத்தானே நாய் வளர்த்தோம், அதுக்கு ஒண்ணும் ஆகலையே” என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதை என் பாட்டியிடமே கேட்டேன். பாட்டி சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது கருப்பன் என்ற நாய் முன்னால் ஓடும். அவர் நிரை முடிக்கும்வரை மரத்தடியில் படுத்திருக்கும். பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனால் அதுவும் போகும்.

“குழம்பா? நாய்க்கு எவன் குழம்பு ஊத்துனான்?” என்றார் பாட்டி. “கஞ்சி வடிச்ச தண்ணி, அடிச்சோறு, கருவாட்டுத் தலை. கோழி அடிச்சா குடலை அலசி அவிச்சுப் போடுவோம். உப்பு, புளி பட்டா நாய்க்கு முடி கொட்டிப்போகும், பாப்பா.”

முடி கொட்டும் என்ற காரணத்தை மருத்துவர் ஒப்புக்கொள்ளவில்லை. நடைமுறையை ஒப்புக்கொண்டார். பாட்டி சொல்லாமல் விட்ட காரணம் ஒன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். லயத்து வீட்டில் ஆறேழு வாய். குழம்பு மிஞ்சினால்தானே நாய்க்கு ஊற்றுவதற்கு! நாய்க்கு மசாலா மிச்சம் போடுவது பழைய தோட்டத்துப் பழக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கென்னவோ அது நாம் வெளியில் சாப்பிடவும், மிஞ்சியதைப் புங்குஸ் கட்டவும் வசதி வந்த பிறகு வந்த பழக்கமாகத்தான் படுகிறது.

தோட்டத்து நாய் வாழ்க்கையைப் பொற்காலம் என்று சொல்லவும் நான் தயாரில்லை. ஊசி கிடையாது. குட்டிகளில் பாதி பிழைத்தால் பெரிது என்கிறார் பாட்டி. பாம்பு கடித்துச் செத்தவை உண்டு, காட்டுப்பன்றி கிழித்தவை உண்டு. ஆனால் அங்கே ஒன்று இருந்தது. கருப்பன் ஒரு வீட்டு நாய் இல்லை, லயத்து நாய். இவர் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் சோறு. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது அந்த லயங்கள் ஆட்டம் கண்டன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, பாட்டாளிகளின் காசைச் சேர்த்து அவர்களுக்கே தோட்டம் வாங்கத்தான். அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. மனிதர்கள் புந்தோங்குக்கும் கிள்ளானுக்கும் போனார்கள். கருப்பன் மாதிரி நாய்களை யாரும் லோரியில் ஏற்றவில்லை என்று பாட்டி சொன்னார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாணவர் வீடும் ஒரு வகை லயம்தான். அதே வசதி, அதே ஆபத்து. நான்கு பேர் சோறு போடும் நாய்க்குச் சொந்தக்காரர் யார்? 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலையில் நடப்புக்கு வந்தது. விலங்குக்குத் தக்க உணவும் இடமும் கொடுத்து, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை என்று அது சொல்கிறது. கொடுமை செய்தது உறுதியானால் 20,000 முதல் 100,000 வெள்ளிவரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஊராட்சி மன்றத்தின் நாய் உரிமத்திலும் ஒரு பெயர், ஒரு முகவரிதான் இருக்கும். ‘நாங்கள் எல்லாரும்’ என்று எழுத அதில் இடமில்லை. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய் நோய் தலைகாட்டியபோது தெருநாய்களைப் பிடித்துக் கொன்ற செய்திகள் நினைவிருக்கலாம். கழுத்தில் உரிமம் இல்லாத நாய் யாருடைய நாயும் இல்லை.

தவணை முடிந்து வீடு காலியாகும் வாரங்களில் எங்கள் லோரோங்கில் பூனைக்குட்டிகளும் நாய்க்குட்டிகளும் குப்பைத் தொட்டி ஓரம் திரிவதைப் பார்க்கிறேன். கெட்ட பிள்ளைகள் விட்டுப்போனவை அல்ல அவை. நாலு பேரில் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று நாலு பேரும் நினைத்துக்கொண்ட பிராணிகள்.

மருந்தகத்திலிருந்து மைலோ திரும்பிய இரவு நாங்கள் உட்கார்ந்து பேசினோம். பேச்சு சுமுகமாக இல்லை. “நீதான் சம்பால் போட்டாய்”, “நீதான் குழம்பைக் கட்டிக்கொண்டு வந்தாய்” என்று போய், ஒருத்தி அழுது, ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் தெலுக் இந்தான் தோழி ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் குளிர்பெட்டி மேல் வைத்தாள். நாய்க்கு என்ன போட்டாலும், ஒரு பிஸ்கட் என்றாலும், நேரம் போட்டு எழுத வேண்டும். சண்டை தீர்ந்தது பேச்சால் அல்ல, இந்த நோட்டால்தான் என்பது என் கணிப்பு. அடுத்த முறை மருத்துவர் கேட்டால் யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

அலுமினியச் சட்டியும் அப்போது வந்ததுதான். செய்முறை இவ்வளவுதான்: எலும்பில்லாக் கோழி, கொஞ்சம் ஈரல், பூசணி அல்லது காரட், தண்ணீரில் வேகவைத்துச் சோற்றில் பிசைவது. கோழிக் குழம்பு வைக்கும் நாளில் இன்னும் சுலபம். வெங்காயம் வதக்கும் முன்பே, கோழியைக் கழுவும்போதே நாய்ப் பங்கைத் தனியே எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமைதான் சிக்கல். சைவத் தோழி வீட்டில் இருக்கும் நாளில் ஈரல் வாசனை ஆகாது. அதனால் வியாழன் இரவே வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைக்கிறோம்.

ஆனால் இதை மட்டும் கொடுத்தாலும் போதாது என்று மருத்துவர் எச்சரித்தார். கோழியிலும் சோற்றிலும் சுண்ணாம்புச் சத்து குறைவு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 95 விழுக்காட்டுக் குறிப்புகளில் ஏதாவது ஓர் அவசியச் சத்தாவது குறைந்திருந்தது. இவற்றில் மருத்துவர்கள் எழுதியவையும் உண்டு. ஆகவே காலையில் கடைத்தீனி, மாலையில் சட்டிச் சாப்பாடு. கடைத்தீனி வாங்குவதிலும் ஒரு கதை. மலிவு விலையில் கிடைத்த டின்னில் மாட்டிறைச்சி. சுங்கை சிப்புட் தோழி அந்த டின்னைச் சமையலறைக்குள் விடமாட்டேன் என்றாள். சீனத் தோழிக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் அவளே கடைக்குப் போய்க் கோழி டின்னாக மாற்றி வந்தாள். இப்போது பொருள் பட்டியலை முதலில் படிப்பவளும் அவள்தான். வெங்காயத்தூள், பூண்டுத்தூள் இருக்கிறதா என்று நாங்கள் சாப்பிடும் முறுக்குப் பொட்டலத்தையும் திருப்பிப் பார்க்கிறாள்.

எங்களுடன் படிக்கும் மலாய்த் தோழி ஒருத்தி பாடவேலைக்காக வீட்டுக்கு வருவாள். அவள் வரும் நாளில் மைலோ பின்கட்டில், வரவேற்பறையைத் துடைத்துவிடுவோம், நாய்த் தட்டு, கரண்டி எல்லாம் வெளிக்குழாயடியில்தான் கழுவுவோம், அவளுக்குக் கொடுக்கும் குவளையோடு கலப்பதில்லை. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்து வந்த ஏற்பாடு இல்லை. அவள் வீட்டில் மூன்று பூனைகள். காய்ச்சல் அடிக்கும் பூனைக்குப் பெனடோல் பாதி கொடுக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு அவள் பதறிப்போனாள். பூனையின் கல்லீரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. ஒரு மாத்திரையே உயிரை வாங்கும். நாங்கள் வெங்காயக் கதையைச் சொன்னோம். அன்று பாடவேலை பாதிதான் முடிந்தது.

உரிமம் எடுக்கும்போது யார் பெயரில் என்று மறுபடியும் பேச்சு வந்தது. இந்த முறை கதவு சாத்தப்படவில்லை. படிப்பு முடிந்தபின் யாருடைய குடும்ப வீட்டில் வேலியும் மண்தரையும் இருக்கும் என்று மட்டும் பார்த்தோம். புந்தோங்கில் எங்கள் வீட்டுக்குச் சிமென்டு வாசல், பீடோரில் கடைவீட்டு மாடி. சுங்கை சிப்புட் தோழியின் வீட்டில் பின்னால் இரண்டு ரம்புத்தான் மரங்கள் இருக்கின்றன. உரிமையாளர் அவள். அவளுடைய அம்மாவிடம் தொலைபேசியில் வெங்காயம், பூண்டு, புளி என்று பட்டியல் வாசித்தோம். “அப்போ ரசஞ்சோறுகூடக் கூடாதா? பாவம்!” என்றார்.

ஆளுக்கு மாதம் 25 வெள்ளி, வேலைக்குப் போன பிறகும். கருத்தடை அறுவை சிகிச்சைக்கான தொகை சேர்ந்துவிட்டது. ஆண்டுத் தடுப்பூசி நவம்பரில் போட வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு பேர் தொழிற்பயிற்சியில் பினாங்கில் இருப்பார்கள். யார் கூட்டிக்கொண்டு போவது என்பது இன்னும் முடிவாகவில்லை. பீடோர் தோழி அவள் அப்பாவின் காடியைக் கேட்டு வைத்திருக்கிறாள்.